ஏழரைக் கிலோ

தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் நடுவில், பஸ் நின்றால் ஊர், நிற்காவிட்டால் வெறும் வளைவு என்று இருக்கிற மேலப்பேரியில், மெடிக்கல் ஸ்டோருக்கு மேல்மாடியில் இருந்த பிறவிப்பெருமாள் கம்ப்யூட்டர் ஜோதிட நிலையத்தில், ஒரு பல்லி மூன்று மாதமாக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கடை திறந்ததும் சொன்னது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது, ராகு காலத்திலும் கூச்சமில்லாமல் சொன்னது. அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை, சத்தம் மட்டும் மேஜைக்கு அடியில் தென்மேற்கு மூலையிலிருந்து டக், டக், டக் என்று மும்மூன்றாக வந்தது. ஜோதிடர் பிறவிப்பெருமாள் ஒவ்வொரு தடவையும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இன்ன கிழமை இன்ன திக்கில் பல்லி சொன்னால் உறவினர் வரவு என்று பலன் வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு ஆழாக்கு அரிசி கூடுதலாக உலையில் போட்டார்கள், ஒருத்தர் வீட்டுக்கும் ஒரு உறவினரும் வரவில்லை.

அது பல்லியே இல்லை என்று கண்டுபிடித்தவன் கீழே பேட்டரிக் கடை வைத்திருந்த உலகநாதன். யு.பி.எஸ். மாற்றுவதற்காக மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனவன், தலையை வெளியே நீட்டாமலே சொன்னான்.

“அண்ணாச்சி, பல்லி இல்ல இது. உங்க ஹார்ட் டிஸ்க்கு.”

“ஹார்ட் டிஸ்க்கு எதுக்குடே பல்லி மாதிரி சொல்லுது?”

“உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டு கெடக்கும், அதுமேல ஒரு முள்ளு போயி, கேட்டதை எடுத்துட்டு வரும். இப்ப முள்ளு போயித் தேடுது, கிடைக்க மாட்டேங்கு, திரும்பி வந்து முட்டுது. அதான் சத்தம். எத்தனை வருசம் ஆச்சு?”

“பதினாலு.”

உலகநாதன் மேஜைக்கு அடியிலேயே சிரித்தான். “அண்ணாச்சி, இதுக்கும் பச்சப் பிள்ளைக்கும் மொத வருசம் ஒரு கண்டம் உண்டு. அதத் தாண்டிட்டுன்னா மூணு நாலு வருசம் ராசா மாதிரி ஓடும். அஞ்சுக்கு மேல போச்சுன்னா ஒவ்வொரு வருசமும் சாமி விட்ட வழிதான். பதினாலுன்னா நம்ம கணக்குல நூத்திப் பத்து வயசு.”

பிறவிப்பெருமாள் இதை அப்படியே நம்பிவிடுகிற ஆள் இல்லை. டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி, அதன் முதுகில் ஒட்டியிருந்த தேதியைப் பிறந்த நாளாகவும், தாய்லாந்தைப் பிறந்த ஊராகவும், நேரம் தெரியாத குறைக்கு உச்சிப்பொழுதையும் வைத்து ஒரு ஜாதகம் கணித்துப் பார்த்தார். ஆயுள் ஸ்தானம் பலமாக இருக்கிறது, இன்னும் அஞ்சு வருஷம் பயமில்லை என்று அறிவித்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஊரில் இருக்கிற ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஜாதகமும் அந்த ஒற்றை டிஸ்க்கில்தான் இருந்தன.

அத்தனையையும் டைப் அடித்தவள் சிதம்பரவடிவு. இருபத்தொன்பது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று. ஊரில் யாருக்கு எத்தனையாம் வீட்டில் செவ்வாய், யாருக்கு எப்போது அஷ்டமத்துச் சனி என்று அவளுக்குத் தெரியாதது கிடையாது. தன்னுடையதும் தெரியும், ஆயில்யம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உலகநாதனின் அம்மா சண்முகத்தாய், மகன் ஆசைப்பட்டுவிட்டான் என்பதற்காகப் பொருத்தம் பார்க்க வந்தபோது, அந்தப் பொருத்தத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, பிரிண்ட் எடுத்து, ‘மாமியாருக்குத் தோஷம்’ என்று அச்சாகி வந்த தாளைத் தன் கையாலேயே அந்த அம்மாளிடம் கொடுத்தவளும் வடிவுதான். பிறந்த நேரத்தில் நாலு மணி நேரத்தை நகர்த்தியிருந்தால் ஆயில்யம் மகமாகியிருக்கும், கேட்க ஆள் இல்லை. ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. சண்முகத்தாய் தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, “நான் இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்னு நெனைக்கேன், தாயி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். உலகநாதனும் வேறு பெண் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மேலும் கீழுமாகப் பன்னிரண்டு வருஷம் கடை நடத்தினார்கள், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதைச் சொன்னால் ஒரு கிழவியின் சாவைச் சொன்னதாகும். சண்முகத்தாய்க்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் வடிவு ஒரு நாளில் இரண்டு தடவை விசாரிப்பாள். என்ன பதில் வர வேண்டும் என்று நினைத்து விசாரிக்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது, அந்தத் தெரியாமைக்காகக் கோயிலில் போய் அழுதுவிட்டு வருவாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு குழந்தைக்கு எடை மைனஸ் நாலு கிலோ என்று பதிவானது.

குழந்தை எடை பார்க்கிற தராசு பழுதாகி வெகுநாள் ஆகியிருந்ததால், நர்சு முத்துப்பேச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியவர்கள் எடை மெஷினில் ஏறி நின்று, வருகிற எண்ணில் தன்னுடைய ஐம்பத்தெட்டைக் கழித்து எழுதுவது வழக்கம். அன்று காலை முதல் குழந்தைக்கு மைனஸ் நாலு வந்தது, அடுத்ததற்கு மைனஸ் மூன்றரை. தாய்மார்கள் கூச்சல் போட, முத்துப்பேச்சி குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறிப் பார்த்தாள், ஐம்பதரை காட்டியது. சேலை தொளதொளக்கவில்லை, வளையல் கழலவில்லை, கன்னம் ஒட்டவில்லை, ஆனால் ஏழரைக் கிலோவைக் காணோம். அன்று சாயங்காலம் அவள் அம்மா ஒரு வரனுக்குப் பொருத்தம் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு வந்தபோது, வடிவு பெயரை அடித்தாள், டக் டக் டக் என்று கேட்டது, ஜாதகம் திறக்கவில்லை.

“ஜாதகமில்லாத பிள்ளைய எவன் கெட்டுவான்?” என்று அந்த அம்மாள் வீட்டுக்கு ஓடி, பழைய பிரிண்டை எடுத்து வந்து நீட்டினாள். வடிவு அதைப் பார்த்து மறுபடி டைப் அடித்து, சேவ் கொடுத்த அந்த நொடியில், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி ஒரு விரற்கடை கீழே இறங்க, நாற்காலி கிறீச்சிட்டது.

“எக்கா, என்ன செஞ்சிய?” என்றாள் முத்துப்பேச்சி. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “காலைலேருந்து எவ்ளோ நல்லா இருந்திச்சி தெரியுமா!”

மறுநாள் தனியாக வந்து அழித்துவிடச் சொன்னாள். வடிவு அழித்தாள், ஒன்றும் ஆகவில்லை, நாற்காலி கிறீச்சிட்டது கிறீச்சிட்டபடிதான் இருந்தது. கீழேயிருந்து உலகநாதனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவன், “நாம அழிக்கது அழிக்கதே இல்ல. வீட்டுக் கதவு நம்பரை மட்டும் கிழிச்சிப் போடுதோம், வீடு அங்கனயேதான் இருக்கும். அது தானா மறக்கணும்” என்றான். அழிப்பது வேறு, மறப்பது வேறு என்பது அன்றைக்கு மேலப்பேரிக்குத் தெரிந்தது. ஏன் ஏழரை என்று யாரும் கேட்கவில்லை. ஆறாகவோ எட்டாகவோ இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

அதன்பிறகு டிஸ்க் நாளுக்குப் பத்துப் பேரை மறந்தது, சில நாள் இருபது பேரை. அகர வரிசையும் பார்க்கவில்லை, சாதி வரிசையும் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் பஜாரில் எட்டுப் பேருக்குப் பதில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு, “நாலு பேரு ஜாதகம் இல்லாதவங்க, வண்டிக்குத் தெரியாது” என்று போலீஸ்காரரிடமே சொன்னார். பீடி சுற்றுகிற பெண்கள் சாயங்காலம் எழுந்து நின்றபோது இடுப்பில் கை வைக்க மறந்தார்கள், உட்காரும்போது சொல்கிற ‘அப்பாடா’வை எழுந்திருக்கும்போது சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் எடை குறைந்தவர்களை எல்லாம் தென்காசிக்கு அனுப்ப, அங்கே ரத்தம் எடுத்து, படம் எடுத்து, ஒரு குறையும் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். பிரியாணிக் கடை பீர் முகமது, “நாங்கள்லாம் பொறந்ததுலேருந்து இதே எடைதான்யா, நீங்கதான் இவ்ளோ நாளா எதையோ தூக்கிச் சுமந்திருக்கிய” என்று கல்லாவிலிருந்து சிரித்தார். கல்யாணத் தரகர்கள், ‘பெண் நல்ல நிறம், பி.காம்., ஜாதகம் கிடையாது’ என்று கடைசி வார்த்தையை அழுத்திச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

எல்லாருக்கும் சந்தோஷம் என்று சொன்னால் அது கதை. வருகிற தை மாதம் குரு தசை பிறக்கும், பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பதினெட்டு வருஷமாக எண்ணிக்கொண்டிருந்த பெட்ரோல் பங்க்குக்காரர் ஒருவர், தன் ஜாதகம் போய்விட்டது என்று கேட்டதும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிரிண்டைக் கொண்டு வந்து திரும்பவும் டைப் அடிக்கச் சொல்லி, ஏழரைக் கிலோவையும் ஆசையாக வாங்கிச் சுமந்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறங்கிப் போனார். அவரைப் போல நல்ல தசை வரவிருந்தவர்கள் ஒரு நாற்பது பேர் சேர்ந்து வந்து, மிச்சமிருப்பதையாவது புது டிஸ்க்கில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டும் என்று பிறவிப்பெருமாளை நெருக்கினார்கள். ஆயுள் ஸ்தானத்தை நம்பியிருந்த பிறவிப்பெருமாளும் வேறு வழியில்லாமல், திருநெல்வேலியிலிருந்து ஹார்ட் டிஸ்க் சரிபார்க்கிற ஒரு ஆளை வியாழக்கிழமைக்கு வரச் சொன்னார்.

அன்று ஞாயிறு. தன்னுடையதும் மறந்துபோவதற்கு வடிவுக்கு நாலு நாள் இருந்தது.

காலையில் கடையைத் திறந்ததும், சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதற்கு முன்னால், தன் பெயரை அடித்துப் பார்ப்பது அவளுக்குச் சில வாரமாக வழக்கமாகியிருந்தது. திங்கட்கிழமை அடித்தாள், டக் என்று ஒரு சத்தம்கூட இல்லாமல் பளிச்சென்று திறந்தது. செவ்வாயும் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரியுடையது போயிருந்தது, காய்கறிக்காரருடையது போயிருந்தது, போன மாதம் பிறந்து இன்னும் கண் சரியாகத் திறக்காத ஒரு குழந்தையுடையதுகூடப் போயிருந்தது, ஆயில்யம் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் மேஜைக்கு அடியில் குனிந்து, “எல்லாரையும் மறக்கியே, என்னை மறந்தா என்ன?” என்று அதனிடமே கேட்டுவிட்டாள். கேட்டதற்கு அப்புறம் யாராவது பார்த்தார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்த ஆள் ஜெபக்கனி என்கிற ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், நல்ல ஆகிருதி, கழுத்தில் சிலுவை, தோளில் ஒரு தோல் பை. படியேறி வந்து மூச்சு வாங்கியவளைப் பார்த்து வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருத்தி, “இன்னும் ஜாதகம் போகலை போல” என்று முணுமுணுக்க, “நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு அது கிடையாது, இது சாப்பாட்டுல வந்தது” என்று ஜெபக்கனி வஞ்சனையில்லாமல் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். பழைய டிஸ்க்கை ஒரு பக்கமும் புதியதை ஒரு பக்கமும் மாட்டி, ஒவ்வொரு ஜாதகமாக இங்கிருந்து அங்கே ஏற்றினாள். படிக்க முடிந்தது பச்சை எழுத்தில் போனது, முடியாதது சிவப்பில் நின்றது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் எல்லாம் முடியப்போகிற நேரத்தில் மெஷின் ஓரிடத்தில் நின்று திணறியது. திரையில் நின்ற எண்ணை வடிவு பார்த்தாள். அவள் அந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில், டைப் அடித்துப் பழகுவதற்காகத் தன் ஜாதகத்தையே போட்டுப் பார்த்தபோது கிடைத்த எண் அது.

“இது ஒண்ணு ரொம்ப முரண்டு பிடிக்கி” என்றாள் ஜெபக்கனி. “இன்னொரு தடவை முயற்சி பண்ணவா, விட்டுரவா?”

பதினாலு வருஷம் ஒருத்தர் நேரத்திலும் ஒரு நிமிஷம் கூட்டாத, குறைக்காத வடிவு, பிறவிப்பெருமாள் பக்கம் திரும்பாமல், “விட்டுருங்க” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் டிஸ்க் ஒருமுறை நீளமாக மூச்சு விட்டது மாதிரி சுழன்று, அந்த எண் பச்சையாகிவிட்டது.

“பாத்தியளா, கிழடானாலும் ரோசக்காரன்!” என்று ஜெபக்கனி டிஸ்க்கைத் தட்டிக்கொடுத்தாள். டக், டக் என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாவதைச் சொல்லாமல் அது அப்படியே நின்றுபோனது.

மொத்தம் ஆயிரத்து இருநூற்றெட்டு ஜாதகம் போயிருந்தது. டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினால் தட்டைத் தனியே பிரித்து அதையும் எடுக்கலாம் என்றாள் ஜெபக்கனி. தன் ஜாதகத்தையும் ஒரு வாரத்துக்கு முன்பே இழந்து, அன்று காலை கைப்பிடி தொடாமல் மாடியேறி வந்திருந்த பிறவிப்பெருமாள், தன் முழங்காலைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, “வேண்டாம்மா. போனவங்க நிம்மதியா இருக்கட்டும்” என்றார். கூட்டம் கை தட்டியது. போகும்போது ஜெபக்கனி வடிவின் கையைப் பிடித்து, “புது டிஸ்க்கு, மொத வருசம் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க, அப்புறம் அஞ்சு வருசத்துக்கு ஒரு எழுத்துப் போகாது, நான் பொறுப்பு” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். வடிவுக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டது.

போனவர்களின் பட்டியலை வடிவு பிரிண்ட் எடுத்துக் கீழே மெடிக்கல் ஸ்டோர் சுவரில் ஒட்டினாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கிற மாதிரி ஊரே முண்டியடித்தது. முத்துப்பேச்சியின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. முதலில் அடித்ததும் போய், மறுபடி அடித்ததும் போய்விட்டதால், அவள் இரண்டு தடவை பாஸாகிவிட்டதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். வடிவு தன் பெயர் இல்லை என்பது தெரிந்தும் ஒரு தடவை தேடினாள், வேறு எந்தப் பெயரையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய், சோறு இறங்காமல், தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பத்து மணி இருக்கும். ஆடி மாதம், கணவாய்க் காற்று தகரத்தை எல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. பிறவிப்பெருமாள் இன்னும் வரவில்லை. படிக்கட்டில் யாரோ விறுவிறுவென்று ஏறி வருகிற சத்தமும், அதற்குப் பின்னால் “எம்மா, மெள்ள! எம்மா!” என்று உலகநாதன் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. எழுபத்தாறு வயசு சண்முகத்தாய், முழங்கால் வலிக்குப் பயந்து ஏழு வருஷமாக எந்த மாடிப்படியும் ஏறாதவள், இருபத்து மூன்று படியையும் ஏறி, கலைந்த தலையோடு வாசலில் வந்து நின்றாள்.

“உக்காருங்க அத்தை” என்று வடிவு பதறி எழுந்தாள்.

“உக்கார வரலை. உன் பேப்பருல என் பேரு இருக்கே, நீ பாக்கலையா?”

வடிவு இல்லை என்று தலையாட்டினாள்.

“மூணாவது பக்கத்துல இருக்கு. பஸ் ஸ்டாண்டு மிசின்ல ஏறி நின்னும் பாத்துட்டேன், ஏழரை இல்ல.” சண்முகத்தாய் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். “ராத்திரி பூரா யோசிச்சேன் தாயி. ஆயில்யம் யாருக்கு ஆகாது?”

“மாமியாருக்கு.”

“மாமியாளுக்கு ஆகாதுன்னா, அந்த மாமியாளுக்கு ஒரு ஜாதகம் இருக்கணும்லா? அதுல ஆயுள் வீடுன்னு ஒண்ணு இருக்கணும்லா? அதைத் தேடிக்கிட்டுதான வரும்? எனக்கு வீடே இல்லயே! வந்து எந்தக் கதவைத் தட்டும்?”

பதினாலு வருஷ ஜோதிடத்தில் வடிவு கேட்டிராத கேள்வி இது, பிறவிப்பெருமாளிடம் கேட்டாலும் அவரும் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிடுவார். ஆனாலும் அவள் வடிவுதானே, உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியாதே.

“வீட்டுல பழைய பிரிண்டு இருக்குமே அத்தை.”

“அதுலதான் நேத்து சாயங்காலம் பணியாரத்துக்கு எண்ணெ வடிச்சேன்.”

“என்னோடது போகலை அத்தை” என்றாள் வடிவு. “அப்படியே இருக்கு. இனிமேலும் போகாது. நான் விட்டுருங்கன்னு சொல்லியும் பாத்துட்டேன்.”

“இருந்துட்டுப் போட்டும். இவனோடதும்தான் இருக்கு” என்று கிழவி, வாசலில் பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்ற மகனைக் காட்டினாள். “பன்னெண்டு வருசமா நான் உன்னைப் பாத்துப் பயந்தேன், நீ என்னைப் பாத்துப் பயந்தே. எனக்குக் காய்ச்சல்னா நீ ரெண்டு தடவை விசாரிக்கது எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சே? பாவம், எந்தப் பதிலுக்குன்னு உனக்கே தெரிஞ்சிருக்காது.”

அதைக் கேட்டதும் வடிவு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்ததை ஒருத்தர் சாதாரணமாகச் சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. உலகநாதன் என்ன செய்வதென்று தெரியாமல் ஓடாத பழைய டிஸ்க்கை எடுத்துத் துடைத்தான்.

“சரி, அழுதது போதும், கீழ இறங்கணும்” என்றாள் சண்முகத்தாய். “வரும்போது முக்குல காத்து என்னை ரெண்டடி தள்ளிட்டு. ஏழரை போனதும் போச்சு, ஆடி முடியுத வரைக்கும் எனக்குக் கனமா ஒரு ஆளு பக்கத்துல வேணும். இவன் கடைக்கு வந்துருவான். ஏட்டி, கையக் குடு.”

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் கொடுத்தாள். கிழவி தன் மொத்த எடையையும் அந்தக் கையில் போட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள். வெளியே காற்று சுவரிலிருந்த பட்டியலைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. தெருவில் அவளை இறுக்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போது, இந்த அம்மா இன்னும் முப்பது வருஷம் இருக்கட்டும், நூறு வயசைத் தாண்டட்டும் என்று வடிவு வேண்டிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மனசில் ஒரு கோணலும் இல்லாமல் வேண்டிக்கொண்டாள்.